கோவாவுக்குத் தனியாகக் கிளம்பும் தம்பிக்கு



உன் கேள்வி ஒரே வரிதான்: "கூட வர்றேன்னு சொன்ன ரெண்டு பேரும் கழண்டுகிட்டாங்க, ரேசுக்குத் தனியா போகலாமாக்கா?"

போ. தாராளமாகப் போ. கட்டணம் கட்டிவிட்டு, மாதக்கணக்கில் விடியுமுன் எழுந்து இ.சி.ஆரில் சைக்கிள் மிதித்துவிட்டு, துணைக்கு ஆள் இல்லை என்று வீட்டில் உட்காருவாயா? ஆனால் உன் கேள்விக்குள் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. பந்தயம் நடக்கும் நேரத்தில் தனியாக இருப்பதுதான் கஷ்டம், முன்னும் பின்னும் வருவது வெறும் பயணம் என்று நினைத்திருக்கிறாய். எனக்குத் தெரிந்து விஷயம் நேர்மாறு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய்.

மிராமார் கடற்கரையில் தண்ணீருக்குள் கால் வைத்த நிமிடத்திலிருந்து, குடும்பத்தோடு வந்தவரும் தனியாக வந்தவரும் ஒன்றுதான். 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தம் 113 கிலோமீட்டர். மைல் கணக்கில் 70.3, 'அயர்ன்மேன் 70.3' என்று போட்டியின் பெயரே அதுதான். இந்தத் தூரம் முழுவதும் வெளியாள் உதவியைத் தொடக் கூடாது என்பது விதி. பெற்ற அப்பாவே ரோட்டோரம் நின்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாலும் வாங்கக் கூடாது. டயர் பங்க்சர் ஆனால் நீதான் உட்கார்ந்து டியூப் மாற்ற வேண்டும். நண்பன் கூடவே ஓடி வந்து உற்சாகப்படுத்துவதற்குக்கூட அனுமதி இல்லை. காதில் பாட்டு கேட்கவும் கூடாது. ஆக, கழண்டுகொண்ட அந்த ரெண்டு பேரும் வந்திருந்தாலும் கை தட்டியிருப்பார்கள், போட்டோ எடுத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1978 பிப்ரவரி 18 அன்று ஹவாயின் ஒவாஹூ தீவில் முதல் அயர்ன்மேன் நடந்தபோது 15 பேர் கிளம்பினார்கள், 12 பேர் முடித்தார்கள். இன்றுபோல வழியெங்கும் தண்ணீர் மேசை கிடையாது. தண்ணீர், சாப்பாடு எல்லாவற்றுக்கும் ஒவ்வொருவரும் தன் ஆட்களைத் தானே கூட்டிவர வேண்டும். ஜான் டன்பார் என்பவருக்கு மாரத்தான் ஓடும்போது தண்ணீர் தீர்ந்துபோய், அவருடைய ஆட்கள் பீர் கொடுத்தார்கள் என்ற கதையை இன்றும் சொல்கிறார்கள். அவர் இரண்டாவதாக வந்தார்; கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடத்தில் ஜெயித்தார். அந்தக் காலத்தில் நீ தனியாகப் போயிருந்தால் உன் பாடு திண்டாட்டம்தான். இப்போது தண்ணீர், ஐஸ், வாழைப்பழம் எல்லாம் நடத்துகிறவர்கள் பொறுப்பு. வழியில் தன்னார்வலர்கள் நிற்பார்கள், கேட்டால் கொடுப்பார்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள். உன்னோடு போட்டியில் ஓடுகிறவர் உனக்கு ஒரு டியூபோ பம்போ கொடுக்கலாம். அதற்கு விதியில் இடம் உண்டு. 2016இல் மெக்சிகோவின் கொசுமெல்லில், வெயிலில் தள்ளாடிய ஜானி பிரவுன்லீயை அண்ணன் அலிஸ்டர் தோளில் தாங்கி இழுத்துப்போய் முடிவுக் கோட்டில் தள்ளிவிட்டதைப் பார்த்திருப்பாய். அலிஸ்டரும் போட்டியாளர் என்பதால் அன்று அது செல்லுபடியானது. பிறகு அப்படித் தூக்கிச் செல்வதற்கும் தடை வந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு டியூப் கேட்பதை யாரும் தடுக்கவில்லை. நீ கூச்சப்படுகிற பிள்ளை. வாய் திறந்து கேள்.

அப்படியானால் துணை இல்லாததால் உனக்கு எங்கே குறைகிறது? வெள்ளி ராத்திரி, சனிக்கிழமை முழுக்க, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகு. கூட ஒருத்தர் இருந்தால் நாம் மறந்ததை அவர் கேட்பார், பெட்டியைப் பிடிப்பார், "வெயில்ல சுத்தாத, போய்ப் படு" என்பார், நம் முகத்தைப் பார்த்தே உடம்பு சரியில்லை என்று கண்டுகொள்வார். இதையெல்லாம் இப்போது நீயே உனக்குச் செய்துகொள்ள வேண்டும். முன்கூட்டியே ஏற்பாடு செய்தால் முடியும். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் முடியாது. நீ இரண்டாவது ரகம். சின்ன வயதிலிருந்தே பரீட்சைக்குக் கிளம்பும்போதுதான் பேனா தேடுவாய்.

சைக்கிளில் தொடங்குகிறேன். "கடைல குடுத்தா பிரிச்சு பெட்டில போட்டுத் தந்துடுவாங்கக்கா" என்று சொல்லப்போகிறாய். தருவார்கள். அங்கே போய்ப் பூட்டுவது யார்? பந்தய இடத்தில் மெக்கானிக் இருப்பார், சரிதான். சனிக்கிழமை அவர் முன்னால் எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள் என்று யோசித்தாயா? அதனால் கிளம்புவதற்கு ரெண்டு வாரம் முன்பே வீட்டு மொட்டை மாடியில் உன் சைக்கிளை நீயே பிரித்து, பெட்டியில் வைத்து, எடுத்து, திரும்பப் பூட்டிப் பார். கைக்குப் பழகும்வரை செய்.

பெடலைக் கழற்றும்போது ஒரு விஷயம்: இடது பெடலின் மரை தலைகீழ். வலது பெடலைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால் கழலும்; இடதைக் கடிகாரத் திசையில் திருப்ப வேண்டும். இது தெரியாமல் ராத்திரி ஹோட்டல் அறையில் பலங்கொண்ட மட்டும் தப்புப் பக்கம் முறுக்கி, மரையைத் தின்றுவிட்டால் ரேஸ் அங்கேயே முடிந்தது. சீட் போஸ்ட்டை இறக்குமுன் அது எந்த உயரத்தில் இருந்தது என்று இன்சுலேஷன் டேப் ஒட்டி அடையாளம் வை. பின் சக்கரத்து டீரெயிலரைக் கழற்றி, துணியில் சுற்றி, ஃபிரேமுக்குள் கட்டு. அதைத் தாங்கும் ஹேங்கர் என்ற சின்ன உலோகத் துண்டு இருக்கிறதே, பெட்டி ஒரு பக்கமாக விழுந்தால் முதலில் வளைவது அதுதான். வளைந்தால் கியர் தாறுமாறாக விழும். ஒவ்வொரு மாடலுக்கும் ஹேங்கர் வேறு வேறு, கோவாவில் தேடினால் கிடைக்காது. உன் மாடலுக்கு உரியதை இப்போதே ஒன்று உபரியாக வாங்கி வைத்துக்கொள். சின்ன சாமான்தான், ஆனால் பயணம் முழுவதும் அதை நம்பித்தான் இருக்கிறது.

டயருக்கு ஒரே நொடியில் காற்று ஏற்றும் அந்தக் கார்பன் டை ஆக்சைடு குப்பிகளை மறந்துவிடு. விமானத்தில் அதைக் கொண்டுபோவதற்கு நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கி வைத்துவிட்டால் வாதாட நேரம் இருக்காது. கைப்பம்பு எடுத்துக்கொள். ஆலன் கீ, ஸ்பேனர் எல்லாம் பெட்டியோடு போகட்டும். பவர் பேங்க், உபரி லித்தியம் பேட்டரி எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. ஷூ, டிரைசூட், காகிள்ஸ், ஹெல்மெட் இந்த நான்கையும் கையோடு கொண்டுபோ. சைக்கிள் பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் இரவல் சைக்கிளில் ஓட்டிவிடலாம். இரவல் ஷூவில் 21 கிலோமீட்டர் ஓட முடியாது.

வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்ததும் எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் சைக்கிளைப் பூட்டிவிட்டுத்தான் தூங்க வேண்டும். "காலைல பாத்துக்கலாம்" என்று படுத்தால், சனிக்கிழமை ஏதாவது ஒரு போல்ட் காணவில்லை என்பது பதினோரு மணிக்குத் தெரியும். அப்போது பதிவு மேசைக்குப் போவதா, கடை தேடுவதா? வெள்ளி ராத்திரியே தெரிந்தால் சனி காலை கடை திறந்ததும் போய் நிற்கலாம்.

சனிக்கிழமை காலை அரை மணி நேரம் ஓட்டிப் பார். எல்லா கியரையும் மாற்றிப் பார், பிரேக்கை அழுத்திப் பார். அப்புறம் பதிவு. அடையாள அட்டையின் அசலைக் கொண்டுபோ. பிப் என்கிற எண் அட்டை, நீச்சல் தொப்பி, கணுக்காலில் கட்டும் சிப், ஸ்டிக்கர்கள் கொடுப்பார்கள். ஸ்டிக்கரை அங்கேயே ஒட்டாதே. அறைக்கு வந்து, எது ஹெல்மெட்டுக்கு, எது சைக்கிளுக்கு, எது பைக்கு என்று படித்து ஒட்டு. விளக்கக் கூட்டத்துக்குக் கட்டாயம் போய் உட்கார். "பிடிஎஃப்ல படிச்சுட்டேன்க்கா" என்பாய். பிடிஎஃப் அச்சான பிறகு கடல் மாறியிருக்கும், சாலையில் பள்ளம் விழுந்திருக்கும். அதையெல்லாம் அந்தக் கூட்டத்தில்தான் சொல்வார்கள்.

சைக்கிளை டிரான்சிஷனில், அதாவது நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும் சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் இடத்தில், நிறுத்தும்போது டயரில் முழுக் காற்று வேண்டாம். மத்தியான வெயிலில் காற்று விரிந்து டியூப் வெடித்தால் மறுநாள் விடியலில்தான் உனக்குத் தெரியும். கொஞ்சம் குறைத்து வைத்து, காலையில் ஏற்று. நிறுத்திய பிறகு உடனே கிளம்பிவிடாதே. கடலிலிருந்து எந்த வழியாக உள்ளே வருவாய் என்று கேட்டு, அங்கிருந்து உன் ரேக் வரைக்கும் நடந்து பார். எத்தனையாவது வரிசை, எந்தக் கம்பத்துக்கு நேர் என்று மனதில் குறித்துக்கொள். பக்கத்தில் நிற்கும் சிவப்புச் சைக்கிளை அடையாளமாக வைக்காதே, ஞாயிறு காலை நீ வரும்போது அது கிளம்பிப் போயிருக்கும். அங்கிருந்து சைக்கிள் வெளியேறும் வழிக்கும், திரும்ப வந்து ஓட்டத்துக்குப் போகும் வழிக்கும் நட.

இவ்வளவும் முடிய மத்தியானம் ஆகும். இனிமேல்தான் உனக்கு ஆபத்தான நேரம். கோவாவில், ஒரு சனிக்கிழமை, தனியாக, கையில் பணத்தோடு, வேலை ஏதும் இல்லாமல் இருக்கிறாய். பைக் வாடகைக்கு எடுத்துக் கோட்டை பார்க்கக் கிளம்பிவிடுவாய். அல்லது எக்ஸ்போவில் புது காகிள்ஸ், புது சாக்ஸ், புது ஜெல் என்று வாங்கி, மறுநாளே போட்டுப் பார்ப்பாய். அல்லது அறையில் படுத்தபடி வானிலையையும் அலை உயரத்தையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துப் பார்த்து, பயத்தை நீயே ஊதிப் பெரிதாக்குவாய். மூன்றும் வேண்டாம். கோட்டை எங்கும் போகாது, திங்கட்கிழமையும் இருக்கும். வாங்கியதை ஊருக்குக் கொண்டுவந்து பழகு. வானிலையை மாலை ஒரு முறை பார்த்தால் போதும். ஒரு நல்ல நாவல் எடுத்துப்போ, மத்தியானம் ஃபேனுக்குக் கீழே படுத்துப் படி. ராத்திரி தூக்கம் சரியாக வராது. எல்லோருக்கும் அப்படித்தான், அதற்காகக் கலங்காதே. வெள்ளி ராத்திரி நன்றாகத் தூங்கியிருந்தால் உடம்பு தாங்கும்.

சாப்பாட்டில் உன் மேல் எனக்குத் துளிகூட நம்பிக்கை இல்லை. கடற்கரை ஷாக்கில் இறால் வறுவல் வாசம் வந்தால் நீ நிற்கமாட்டாய். அதை ஞாயிறு ராத்திரி தின்னு, யார் கேட்கப்போகிறார்கள்? சனி ராத்திரிக்கு வெள்ளைச் சோறும் பருப்பும், ஏழு மணிக்கு முன்னால். காரம், எண்ணெய், கீரை, பச்சைக் காய் எதுவும் வேண்டாம். சித்தி புளியோதரை கட்டித் தருவாள். வேண்டாம் என்று சொல்லி அவள் மனதை நோகடிக்காதே, அது வெள்ளி ராத்திரிக்கு ஆகும். போட்டி நாளில் நாலு மணிக்கு நீ சாப்பிட வேண்டும், அந்நேரத்துக்கு எந்த ஹோட்டல் சமையலறையும் திறந்திருக்காது. பிரெட், ஜாம், வாழைப்பழம் ராத்திரியே அறையில் இருக்கட்டும். நீ இ.சி.ஆரில் நீண்ட சவாரிக்கு முன்னால் என்ன சாப்பிட்டாயோ அதையே சாப்பிடு. சைக்கிளில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று உன் கோச் சொல்லியிருப்பார். கடலை மிட்டாயோ ஜெல்லோ, பழகியதாக இருக்கட்டும்.

கடலுக்கு வருகிறேன். 25 மீட்டர் குளத்தில் நன்றாக நீந்துகிறாய், பார்த்திருக்கிறேன். ஆனால் கடலில் சுவர் கிடையாது, கீழே நீலக் கோடு கிடையாது, பக்கத்தில் இருப்பவரின் கை உன் முகத்தில் படும். முதல் 200 மீட்டரில்தான் மூச்சு முட்டும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். நீச்சல் தெரியாததால் வருவதில்லை அது. கூட்டமும் கலங்கிய தண்ணீரும் சேர்ந்து செய்கிற வேலை. மண்டோவி ஆறு கடலில் சேரும் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது மிராமார். நீச்சல் குளம்போல அடி தெரியும் என்று எதிர்பார்க்காதே. கிளம்புவதற்கு முன் நம் பக்கத்திலேயே, பழகினவர்களோடு, பாதுகாப்புப் படகு வைத்து நீந்தும் குழுவோடு, சில தடவையாவது கடலில் இறங்கு. தனியாக இறங்கினாய் என்று கேள்விப்பட்டால் உன்னோடு பேசமாட்டேன். தனியாகப் பயணம் போகலாம், தனியாகக் கடலில் நீந்தக் கூடாது.

வேகத்துக்கு ஏற்ற வரிசையில் நின்று ஒவ்வொருவராக உள்ளே போவீர்கள். நீ பின்னால் நில். உன் நேரம் நீ மணலில் இருக்கும் தொடக்கக் கோட்டைத் தாண்டும்போதுதான் ஓடத் தொடங்கும், பின்னால் நின்றால் ஒன்றும் நஷ்டமில்லை. முன்னால் போய் நின்றாயானால் வேகமானவர்கள் உன் முதுகு மேல் ஏறிப் போவார்கள். மூச்சு முட்டினால் மல்லாந்து மித. பக்கத்தில் கயாக் இருக்கும். கை தூக்கினால் வருவார்கள். அதைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம், விதி அனுமதிக்கிறது. படகு உன்னை முன்னால் இழுத்துப் போகக் கூடாது, அவ்வளவுதான். "அது அசிங்கம்க்கா" என்று முனகாதே. நீச்சலுக்கு வழக்கமாக 1 மணி 10 நிமிடம் தருகிறார்கள், உன் வேகத்துக்கு ரெண்டு முறை கயாக்கைப் பிடித்தாலும் நேரம் மிஞ்சும். வெட்சூட் வாங்கலாமா என்று போன மாதம் கேட்டாயே, வேண்டாம். தண்ணீர் 24.5 டிகிரிக்கு மேல் போனால் அதற்கு அனுமதி இல்லை. கோவாவின் கடல் அதைவிட வெதுவெதுப்பு.

சைக்கிளைப் பற்றி உன் கோச் சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. ஹெல்மெட் பட்டையை மாட்டிய பிறகே சைக்கிளைத் தொடு, திரும்ப ரேக்கில் வைத்த பிறகே கழற்று. முன்னால் போகிறவருக்கும் உனக்கும் 12 மீட்டர் இடைவெளி விடு. ஜெல் உறையைச் சாலையில் எறியாதே. அது நம்மை வரவேற்ற ஊர், அபராதத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

வெயிலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நீ ஓடத் தொடங்கும்போது சூரியன் உச்சியில் நிற்கும், காற்றில் ஈரம் இருக்கும், வேர்வை காயாது. உடனே உனக்குத் தோன்றும்: நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராக ஊற்றிக்கொண்டால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, தலை சுற்றி, வாந்தி வந்து, நிலைமை உயிருக்கே ஆபத்தாகிவிடும். தாகத்துக்குக் குடி, உப்புக் கலந்ததாகக் குடி, ஐஸ் கொடுத்தால் தொப்பிக்குள் வை. இன்னொன்று, இதை நீ செய்வாய் என்று எனக்குத் தெரியும், அதனால் கோபமாகவே சொல்கிறேன்: முழங்கால் வலிக்காக வைத்திருக்கிறாயே அந்த வலி மாத்திரை, அதை அன்றைக்குத் தொடாதே. நீர் வற்றிய உடம்பில் புரூஃபென், டைக்ளோஃபெனாக் வகையறா சிறுநீரகத்தைப் பாதிக்கும். வலித்தால் நட. மொத்தம் 8 மணி 30 நிமிடம் தருகிறார்கள், நடப்பதற்கும் அதில் இடம் இருக்கிறது.

சரி, முடித்துவிட்டாய். கழுத்தில் பதக்கம் போட்டாயிற்று. எனக்கு உன்னைப் பற்றி அதிகக் கவலை இந்த இடத்தில்தான். மணிக்கணக்கில் ஓடிய கால் சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி, தலைக்குப் போவது குறைந்து, நல்லபடி ஓடி வந்தவர்கூடக் கோட்டைத் தாண்டிய பிறகு சரிந்துவிடுவது உண்டு. நின்றுவிடாதே, மெல்ல நடந்துகொண்டே இரு. தலை சுற்றினால் காலைத் தூக்கி வைத்துப் படு. மருத்துவக் கூடாரம் எங்கே என்று சனிக்கிழமையே பார்த்து வை. குளிர்கிறது, வாந்தி வருகிறது, பேச்சுக் குழறுகிறது என்றால் கௌரவம் பார்க்காமல் உள்ளே போ. துணையோடு வந்தவரை யாராவது அழைத்துப் போவார்கள். நீ நீயாகத்தான் போக வேண்டும்.

முடிந்த கையோடு ஆட்டோ பிடித்து அறைக்குப் போய், கதவைத் தாழ்ப்பாள் போட்டு, சுடுதண்ணீரில் குளிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். உள்ளே மயங்கி விழுந்தால் யாருக்கும் தெரியாது. ஒரு மணி நேரமாவது அந்த மைதானத்திலேயே மனிதர்கள் நடுவே உட்கார், உப்பும் சோறும் உள்ளே போகட்டும், சிறுநீர் கழித்த பிறகு கிளம்பு. ஹோட்டல் வரவேற்பில் இருக்கிறவரிடம் காலையிலேயே சொல்லி வை: "இன்றைக்குப் பந்தயம், நான் அஞ்சு மணிக்குள் கண்ணில் படவில்லை என்றால் போன் பண்ணுங்கள்." சிரிக்கமாட்டார்கள், செய்வார்கள். பிப்பின் பின்பக்கம் உன் ரத்த வகை, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண் எழுது. சித்தியின் எண்ணை எழுதாதே, என் எண்ணை எழுது. அவள் கேட்டதும் அழத் தொடங்கிவிடுவாள், மருத்துவருக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும்.

சித்தியைப் பற்றிச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. டிராக்கர் ஆப்பில் உன் எண்ணைப் போட்டுத் தந்துவிட்டு, அதோடு ஒன்றைச் சொல்லிவிட்டுப் போ: சிப் தரையில் இருக்கும் பாயைத் தாண்டினால்தான் நேரம் பதிவாகும். ரெண்டு பாய்க்கு நடுவே ஒரு மணி நேரம் போனாலும் திரையில் நீ நின்ற இடத்திலேயே நிற்பதுபோலத் தெரியும். இதைச் சொல்லாவிட்டால் பிள்ளை எங்கோ விழுந்துவிட்டான் என்று தெருவையே கூட்டிவிடுவாள். எனக்கும் அன்றைக்கு வேறு வேலை ஓடாது.

"அக்கா, எல்லாம் நானே பாத்துக்கணும்னு சொல்லிச் சொல்லி பயமுறுத்துற" என்கிறாயா? பயப்படுத்தவில்லையடா. அங்கே தனியாக வந்தவன் நீ மட்டும் இல்லை. உன் ரேக்குக்குப் பக்கத்து ரேக்கில் சைக்கிள் மாட்டுகிறவரும் ஏதோ ஒரு ஊரிலிருந்து பெட்டியைத் தானே தூக்கி வந்தவராக இருப்பார். சனிக்கிழமை அவரிடம் பேசு. எந்த ஊர், முதல் தடவையா என்று கேள், எண்ணை வாங்கிக்கொள். முடிந்ததும் சைக்கிளை எடுக்க ரெண்டு பேரும் சேர்ந்து போங்கள். பம்பு இல்லை என்றால் கேள், டேப் இல்லை என்றால் கேள். இந்த விளையாட்டுக்காரர்கள் தங்கள் சாமான்களைப் பற்றிப் பேச ஆளுக்கு ஏங்குகிறவர்கள், நீ ஒன்று கேட்டால் நாலு தருவார்கள்.

ஒருவேளை முடிக்க முடியாமல் போகலாம். சங்கிலி அறுந்துபோகலாம், நேரம் தாண்டிவிட்டது என்று நிறுத்தச் சொல்லலாம், உடம்பே போதும் என்று சொல்லலாம். அப்போது அறையில் தனியாக உட்கார்ந்து உன்னை நீயே திட்டிக்கொள்வதற்கு முன்னால் எனக்குப் போன் பண்ணு. என்ன நடந்தது என்று கேட்பேன், சாப்பிட்டாயா என்று கேட்பேன், ஏன் முடிக்கவில்லை என்று கேட்கமாட்டேன். 2019 அக்டோபரில் முதல் தடவை அங்கே நடந்த போட்டி, பின்னால் பெருந்தொற்றில் நின்று, திரும்ப வந்தது. இன்னொரு வருடமும் வரும்.

கடைசியாக, நீ அனுப்பிய டிக்கெட்டைப் பார்த்தேன். ரெண்டு தப்பு இருக்கிறது. கோவாவில் இப்போது விமான நிலையம் ரெண்டு. தெற்கே டபோலிம், வடக்கே 2023 ஜனவரியில் விமானங்கள் வந்துபோகத் தொடங்கிய மோபா. நீ மோபாவில் இறங்கி, டபோலிமிலிருந்து திரும்புகிறாய். அதைக் கவனித்தாயா? கவனித்திருக்கமாட்டாய். சைக்கிள் பெட்டியோடு தப்பான விமான நிலைய வாசலில் போய் நிற்பாய். ரெண்டாவது தப்பு இதைவிடப் பெரிது: திரும்புவது ஞாயிறு இரவு எட்டு மணி விமானம். மத்தியானம் மூன்று மணிக்கு முடித்து, சைக்கிளை எடுத்து, நடுங்கும் கையால் பெடலைக் கழற்றி, பெட்டியில் வைத்து, டாக்சி பிடித்து, ரெண்டு மணி நேரம் முன்னால் போய்ச் சேர வேண்டுமாம். இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்த கணக்கு? ஆபீசில் திங்கட்கிழமை ஒரு நாள் லீவு கேள். கேட்கத் தயக்கமாக இருந்தால் பொய் ஒன்றும் சொல்ல வேண்டாம், பந்தயத்துக்குப் போகிறேன் என்றே சொல். திங்கள் மத்தியானத்துக்கு டிக்கெட்டை மாற்று, போன விமான நிலையத்திலிருந்தே. மாற்றக் கட்டணம் ஆகும் என்றால் நான் தருகிறேன். இன்றைக்கு ராத்திரிக்குள் மாற்றிவிட்டு எனக்கு அனுப்பு, சரிபார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா